இடது தோளுக்குப் பின்னால்

எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது, ஷாக் அடிக்குமா என்று. ஸ்ரீனிவாசன் மட்டும், "இது என்னைத் தொடுமா?" என்று கேட்டார்.

தொடும் என்றேன். தொடுவதற்காகவே செய்த இயந்திரம் அது.

கழக்கூட்டம் என்ற ஊரில் ஐ.டி. பார்க்கை ஒட்டிய ஒரு கட்டடத்தின் மூன்றாவது மாடியில் எங்கள் அறை. நடுவில் ஒருவர் நிற்க இடம். முன்னால் நெஞ்சளவு உயரத்தில் ஒரு கைப்பிடி தொங்கும். பின்னால் ஓர் இரும்புக் கை, நுனியில் ரப்பர் வைத்தது. கண்ணைக் கட்டி, காதில் இரைச்சலைப் போட்டு, ஆளை நடுவில் நிறுத்துவோம். அவர் கைப்பிடியைப் பிடித்து முன்னால் காற்றைக் குத்த வேண்டும். அதே வேகத்தில் இரும்புக் கை அவர் முதுகைக் குத்தும். இரண்டும் ஒரே நேரத்தில் நடந்தால், இரண்டு நிமிடத்தில் அவருக்குத் தன் முதுகைத் தானே குத்துவதுபோல் தோன்றும். இரும்புக் கை அரை விநாடி தாமதமாக வந்தால் அப்படித் தோன்றாது. பின்னால் வேறொருவர் நிற்பதுபோல் தோன்றும்.

அறையில் இருப்பது இயந்திரமும் நானும்தான் என்று எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் தோன்றும். எம்.டெக். படிக்கும் ஒரு பையன் கண்கட்டைப் பிடுங்கி எறிந்துவிட்டு என்னை அடிக்க வந்தான். நான் எட்டடி தள்ளிக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தேன்.

இந்த வேலைக்கு நான் ஆர்வத்தில் வரவில்லை. இன்ஜினீயரிங்கை மூன்றாம் வருடத்தில் விட்டேன். பிறகு இதே கழக்கூட்டத்தில் ஆறு வருடம் இரவு ஷிஃப்ட். அமெரிக்காவில் இன்சூரன்ஸ் மறுக்கப்பட்டவர்களின் கோபத்தைக் காதில் வாங்கிக்கொண்டு, திரையில் எழுதியிருப்பதை வாசிக்கும் வேலை. அதையும் விட்டேன். பகலில் செய்கிற வேலை எதுவானாலும் சரி என்று இருந்தபோது டாக்டர் சபீனா ஆள் தேடிக்கொண்டிருந்தார். உடம்பு இன்னும் பழைய நேரத்திலேயே ஓடுகிறது. காலை பத்து மணி என்பது எனக்கு நட்டநடு ராத்திரி.

சபீனாவின் ஆராய்ச்சி, இந்த உடம்பு என்னுடையது என்று மூளைக்கு எப்படித் தெரிகிறது என்பதைப் பற்றியது. பார்க்கின்சன் நோயாளிகளில் சிலர், பின்னால் யாரோ நிற்கிறார்கள் என்று சொல்வதுண்டு. ஆளைப் பார்ப்பதில்லை, குரல் கேட்பதில்லை. நிற்பது மட்டும் தெரியும். அப்படிப்பட்டவர்களை இந்த இயந்திரத்தில் நிறுத்தினால் என்ன ஆகும் என்று பார்க்க விரும்பினார். ஸ்ரீனிவாசன் அந்த வரிசையில் ஒன்பதாவது ஆள்.

அவருக்கு அறுபத்திரண்டு வயது. நகரத்தின் பழைய கோட்டைக்குள் அக்கிரஹாரத்தில் வீடு. முதல் நாள் மனைவி சூடாமணியோடு கிழக்கே கோட்டை ஸ்டாண்டிலிருந்து பஸ்ஸில் வந்தார். தலை ஈரமாக இருந்தது. வலது கை தொடையோரத்தில் தனியாக ஆடிக்கொண்டிருந்தது. இயந்திரம் தொடும் என்று நான் சொன்னதும் மனைவியைப் பார்த்தார்.

"ஆத்துக்குப் போய்க் குளிச்சாப் போறது. இன்னிக்கு ஒரு தடவை கூடினா என்ன, ஏற்கெனவே அஞ்சு ஆயாச்சு," என்றார் மாமி.

அவரை உள்ளே விட்டுவிட்டு சபீனா படிவங்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது, வராந்தாவில் மாமி எனக்கு விஷயத்தைச் சொன்னார். நான் பாறசாலைக்காரன். எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சும் கோழிக்கறியும்தான். மடி என்றால் என்னவென்று முதலிலிருந்து கேட்டேன். மாமி அலுத்துக்கொள்ளாமல் சொன்னார்.

ஸ்ரீனிவாசன் தெவசச் சமையல்காரர். இறந்தவர்களுக்கு வருடாவருடம் வீட்டில் கொடுக்கும் திதிக்குச் சமைப்பவர். விடிவதற்கு முன் குளித்து, உயரக் கொடியில் யாரும் தொடாமல் காய்ந்த வேட்டியைக் கட்டிக்கொண்டு அடுப்படிக்குள் போக வேண்டும். சமையல் முடியும்வரை அவரை யாரும் தொடக் கூடாது. அந்தச் சுத்தம்தான் மடி. தொட்டுவிட்டால் மறுபடி குளியல், மறுபடி வேறு வேட்டி. அதுவரை அடுப்பு நிற்கும். அன்றைக்குச் சாப்பிட வருகிற பெரியவர்களும் வீட்டுக்காரரும் முந்தின ராத்திரியிலிருந்து பட்டினி.

இரண்டு வருடத்துக்கு முன் கை நடுங்க ஆரம்பித்தது. மாத்திரை கொடுத்தார்கள். மாத்திரை போட்டால் நாலு மணி நேரம் கை அடங்கும். கரண்டி பிடிக்க அது போதும். ஆனால் போன ஆவணியில், ஒரு வீட்டில் பாகற்காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது, யாரோ இடது தோளுக்குப் பின்னால் வந்து உரசிக்கொண்டு நின்றார்கள். திரும்பினால் ஆள் இல்லை. ஆனால் தொட்டது தொட்டதுதான். போய்க் குளித்தார். வந்து கத்தியை எடுத்தார். மறுபடி உரசல். அன்றைக்கு ஏழு தடவை குளித்தார். பன்னிரண்டரைக்குப் போட வேண்டிய இலை மூன்று மணிக்கு விழுந்தது.

டாக்டரிடம் மாமிதான் சொன்னார். ஆள் நிற்பது நோயாலும் இருக்கலாம், மாத்திரையாலும் இருக்கலாம் என்றார் டாக்டர். குறைத்துப் பார்க்கலாம். குறைத்தால் கை போய்விடும். ஸ்ரீனிவாசன் மாத்திரையை வைத்துக்கொண்டார், கூடவே அந்த ஆளையும்.

"பதினாலு ஆத்துலேந்து கூப்பிட்டிண்டிருந்தா. இப்போ ஒண்ணு. வர வெள்ளிக்கிழமைக்கு அடுத்த வெள்ளி. அன்னிக்கும் நேரம் தப்பினா, பின்னே யாரும் கூப்பிட மாட்டா. ஒரு ஈரத்துணி காயறதுக்குள்ள அடுத்தது வருது. பிழிஞ்சு பிழிஞ்சு என் கையும் ஆட ஆரம்பிச்சுடும்."

சபீனா வெளியே வந்து, இது சிகிச்சை அல்ல, வெறும் பரிசோதனை, இதனால் குணமாகாது என்று மலையாளத்தில் மூன்றாவது முறையாகச் சொன்னார். மாமி மூன்றாவது முறையாகத் தலையாட்டினார். காதில் வாங்கவில்லை என்று எனக்கே தெரிந்தது.

முதல் ஓட்டம் தாமதம் இல்லாமல். எந்த ஓட்டத்துக்கு எது என்பதை கம்ப்யூட்டர் தீர்மானிக்கும். என் திரையில் தெரியும். ஆளிடம் சொல்லக் கூடாது. வாரத்துக்கு ஒன்றாக மூன்று அமர்வும் முடிந்த பிறகுதான் இயந்திரத்தைப் பற்றி விளக்க வேண்டும். முன்பே தெரிந்துவிட்டால் பதில் கலங்கிவிடும். அதற்கு நானும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

ஓட்டம் முடிந்ததும் கேள்விகளை வாசித்தேன். தன் முதுகைத் தானே தொட்டதுபோல் இருந்தது, கூச்சமாக இருக்கிறது என்றார்.

இரண்டாவது ஓட்டம் அரை விநாடித் தாமதம். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. கையை நிறுத்திவிட்டு அசையாமல் நின்றார். நான் காதிரைச்சலை அணைத்தேன்.

"வந்துட்டான்," என்றார். பயந்த குரல் இல்லை. பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்வதுபோல் சொன்னார். "அவனேதான். ஆத்துல நிக்கறானே, அதே ஆள். அதே இடம்."

இடது தோளைக் காட்டினார். இரும்புக் கை குத்தியது நடுமுதுகில்.

அன்று மாலை சபீனா அந்தப் பதிவை நாலு தடவை ஓட்டிப் பார்த்தார். எட்டு பேரில் யாரும் இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை. வீட்டில் நிற்பவனும் இயந்திரம் கொண்டுவருபவனும் ஒரே ஆள் என்று ஒரு நோயாளி தானாகச் சொல்லியிருக்கிறார். சபீனா கெட்டவர் அல்ல. மூன்று வருடமாக இந்த ஒரு வாக்கியத்துக்காகக் காத்திருந்தவர், அவ்வளவுதான்.

அடுத்த வாரம் இரண்டாவது அமர்வு. அதே பதில்கள். கண்கட்டை அவிழ்த்த பிறகும் ஸ்ரீனிவாசன் நகரவில்லை. சபீனா கீழே மீட்டிங்கில் இருந்தார்.

"நான் ஒண்ணு கவனிச்சேன், கேட்டேளா. நான் கையை நிறுத்தினா அவனும் நிறுத்தறான். கொஞ்சம் கழிச்சு. நான் வேகமாக் குத்தினா அவனும் வேகமாக் குத்தறான். அது எப்படி?"

மூன்றாவது அமர்வு முடிந்ததும் விளக்குவோம் என்பது நான் வாசிக்க வேண்டிய வரி. அதை வாசிக்கவில்லை. ஆறு வருடம் அப்படித்தான் வாசித்தேன். ஆள் நேராகக் கேட்பான், எனக்குப் பதிலும் தெரியும், ஆனாலும் திரையில் இருப்பதை வாசிப்பேன். இரக்கத்தால் விதியை மீறினேன் என்று சொல்ல மாட்டேன். அலுத்துப்போய் மீறினேன்.

அவரைத் திருப்பி நிறுத்தி இரும்புக் கையைக் காட்டினேன். முன்னால் போய்க் கைப்பிடியைத் தள்ளினேன். அரை விநாடி கழித்து அது குத்தியது. மறுபடி தள்ளினேன். மறுபடி குத்தியது. அவரையே தள்ளச் சொன்னேன். பத்துப் பன்னிரண்டு தடவை தள்ளிப் பார்த்தார்.

"இது உங்க கைதான் சாரே," என்றேன். "வேற ஆளே கிடையாது. நீங்க பண்றது கொஞ்சம் லேட்டா உங்ககிட்டயே வருது. லேட்டா வரதுனால மூளை அதை நீங்கன்னு ஒத்துக்காது. வேற யாரோன்னு சொல்லிரும். வீட்டுல நிக்கற ஆளும் இப்படித்தான்னு டாக்டர்மார் சொல்றாவ. அது நீங்கதான்."

கதவோரத்தில் நின்ற மாமி உள்ளே வந்தார். அவருக்கு என்னைவிட வேகமாகப் புரிந்துவிட்டது.

"ஏன்னா, அது நீங்களேதான்னா, உங்களை நீங்களே தொட்டுண்டா மடி போகுமா?"

ஸ்ரீனிவாசன் கைப்பிடியை இன்னொரு தடவை தள்ளிப் பார்த்தார். ஆடுகிற கையை மற்றக் கையால் பிடித்துக்கொண்டு நின்றார்.

"போகாது," என்றார்.

மாமி என் பக்கம் திரும்பி, சபீனா மூன்று தடவை மறுத்த அதே விஷயத்துக்காக எனக்கு நன்றி சொன்னார். வாங்கிக்கொண்டேன். ரொம்ப நாளைக்குப் பிறகு அன்றைக்கு மத்தியானம் சாப்பாடு ருசித்தது.

சபீனாவிடம் நானே சொன்னேன். கேமராப் பதிவில் எப்படியும் தெரிந்துவிடும். அவர் கத்தவில்லை. ஒன்பதாவது ஆளின் பெயருக்கு நேரே நீக்கம் என்று எழுதினார். இனி பதிவு செய்வதோடு நிறுத்திக்கொள், யாரிடமும் பேசாதே என்றார். பிறகு, "இதை உன்னிடம் எதிர்பார்க்கவில்லை என்று சொல்வதற்குக்கூட எனக்குத் தெம்பில்லை, பினு," என்றார். மூன்று வருடம் காத்திருந்து கிடைத்ததை நான் பத்து நிமிடத்தில் ஒன்றுமில்லாமல் ஆக்கியிருந்தேன்.

வெள்ளிக்கிழமை வந்து போனது. சனிக்கிழமை மாமி போன் செய்தார். ஒரு தடவை வந்துவிட்டுப் போக முடியுமா என்று மட்டும் கேட்டார். குரலிலிருந்து எதையும் கண்டுபிடிக்க முடியவில்லை.

அன்றைக்கே போய்ப் பழவங்காடியில் பஸ் இறங்கி நடந்தேன். தெருவில் வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டி நின்றன. ஸ்ரீனிவாசன் முன்னறையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தலை காய்ந்திருந்தது. முதல் முறையாக அவர் தலைமுடி என்ன நிறம் என்று பார்த்தேன்.

என்ன நடந்தது என்று அவரே சொன்னார். விடிகாலையில் ஒரே ஒரு குளியல். தெவச வீட்டு அடுப்படிக்குள் போனார். வழக்கம்போல் மாமி வெளி முற்றத்தில் காய் கழுவிக் கொடுத்துக்கொண்டிருந்தார். ஏழு மணிக்கு முதல் உரசல். நான்தானே என்று சொல்லிக்கொண்டு வேலையைத் தொடர்ந்தார். எட்டு மணிக்கு அடுத்தது. நான்தானே. எள்ளுருண்டை பிடித்தாயிற்று. பாகற்காய் இறங்கியாயிற்று. பல மாதத்துக்குப் பிறகு நேரத்துக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தார். பத்து மணிக்கு வடைக்கு எண்ணெய் வைத்தார். அவன் வந்து நின்றான்.

"எண்ணெய் காயற வரைக்கும் வேலை இல்லையே. வெறுதே நின்னேன். அப்போதான் தோணித்து. காத்தால நான் குளிச்சேன். அவன் எங்க இருந்தான்?"

எனக்குப் புரியவில்லை.

"குளிமுறிக்குள்ள அவன் வரதே இல்லை, பினு. ஒரு நாள்கூட வந்ததில்லை. வேண்டாத இடத்துல எல்லாம் வந்து நிக்கறான். தண்ணி விடறபோது மட்டும் கிடையாது. வேத்தாள்னு நினைச்சிண்டிருந்த வரைக்கும் எனக்கு அது விஷயமில்லை. தொட்டான், குளிச்சேன், தீர்ந்தது. இப்போ அவன் நான்தான்னு நீங்க காமிச்சுட்டேள். சரி, ஒத்துண்டேன். அப்போ குளிக்காத நான் ஒருத்தன் என் கூடவே நிக்கறேனே. நான் எத்தனை குடம் விட்டுண்டா அவன் நனைவான்?"

 கையும் அரை விநாடி தாமதம், குளியலும் அரை விநாடி தாமதம், அவனும் குளித்திருப்பான் என்று சொல்லிப் பார்த்தேன். சொல்லும்போதே அது எவ்வளவு முட்டாள்தனமாக இருக்கிறது என்று தெரிந்தது. அவர் பொறுமையாகக் கேட்டார்.

"குளிச்சிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்கும். உரசறபோது ஈரம் இல்லையே," என்றார்.

அடுப்பை அணைத்துவிட்டு வெளியே வந்து, மடி இல்லை, இனி ஆகவும் ஆகாது என்று வீட்டுக்காரரிடம் சொல்லியிருக்கிறார். வீட்டுக்காரர் கோபப்பட்டாரா என்று கேட்டேன். பட்டினியில் இருப்பவருக்குக் கோபப்பட எங்கே தெம்பு என்றார் மாமி உள்ளிருந்து. பிறகு வெளியே வந்தார்.

"மணி பத்தே கால். இலைக்கு இன்னும் ரெண்டேகால் மணி நேரம். நான் போய்க் கிணத்தடில நாலு குடம் விட்டுண்டு, கொடில இருந்த புடவையைக் கோலால எடுத்துக் கட்டிண்டு உள்ள போனேன். வடை, பருப்பு, திரட்டுப்பால் எல்லாம் நான்தான். பன்னிரண்டு முப்பத்தஞ்சுக்கு இலை போட்டாச்சு."

இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. முதுகை நிமிர்த்த முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

நான் மன்னிப்புக் கேட்டேன். நான் சொல்லாமல் இருந்திருந்தால் அவருக்குக் குளியலாவது மிஞ்சியிருக்கும். மாமி கையை அசைத்தார்.

"நீ சொன்னது சரியா தப்பான்னு எனக்குத் தெரியாது. அன்னிலேந்து மூணு நாளா நான் வேட்டி பிழியலை. அது ஒண்ணுதான் தெரியும்."

ஸ்ரீனிவாசன் நாற்காலியில் கொஞ்சம் முன்னால் நகர்ந்தார்.

"மூணாவது தடவை எப்போ வரணும்? ரெண்டு வந்திருக்கேன். மூணுன்னு கையெழுத்துப் போட்டிருக்கேனே."

பெயர் நீக்கப்பட்டதைச் சொல்லத்தான் வாயெடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்தேன். நாற்பது வருடம் செய்த வேலை நேற்றுப் போயிருக்கிறது. மடி கேட்காத ஓர் இடம், அவனோடு சேர்ந்தே போய் நிற்கக்கூடிய ஓர் இடம், மிச்சமிருப்பது எங்கள் அறைதான். வியாழக்கிழமை பத்து மணி என்று சொல்லிவிட்டேன்.

திங்கட்கிழமை சபீனாவிடம் போனேன். அவர் பேசாதே என்று சொல்லியிருந்ததால் முதலில் நின்றுகொண்டே இருந்தேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். குளிமுறியில் அவன் வருவதில்லை என்று சொன்னபோது சபீனா நிமிர்ந்தார். ஈரம் இல்லை என்று சொன்னபோது பேனாவை எடுத்தார். தண்ணீர் மேலே விழும்போது முதுகு முழுவதும் ஒரே நேரத்தில் உணர்வு வருகிறது, தாமதத்துக்கு இடமில்லாமல் போகிறதோ என்று தனக்குத் தானே பேசிக்கொண்டார். பிறகு பேனாவை வைத்துவிட்டு முகத்தைத் தேய்த்தார். சமையல் போய்விட்டதா அவருக்கு என்று கேட்டார். போய்விட்டது என்றேன். நம் படிவத்தில் ஆபத்துகள் என்று ஒரு பகுதி இருக்கிறது, லேசான தலைசுற்றல் என்று மட்டும் எழுதியிருக்கிறோம் என்றார்.

கடைசியில், விவரம் தெரிந்தவர்கள் என்று தனியாக ஒரு கோப்புத் திறக்கலாம், அதில் அவர் ஒருவரே இருந்தாலும் பரவாயில்லை, வரச் சொல் என்றார். நீதான் கேள்வி வாசிக்க வேண்டும், அவர் கேட்பதற்கெல்லாம் உள்ளதைச் சொல் என்றார்.

வியாழக்கிழமை ஒன்பதரைக்கே இயந்திரத்தைச் சூடாக்கி வைத்தேன். ரப்பர் நுனியைத் துடைத்தேன். பத்து மணி ஆயிற்று. பத்தரை ஆயிற்று. ஜன்னலுக்குக் கீழே நெடுஞ்சாலையில் வண்டிகள் நகராமல் நின்றன. பஸ் மாட்டிக்கொண்டிருக்கும் என்று நினைத்தேன். பதினொன்றுக்கு மாமியைக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. இரண்டு மணிக்கு அவரே கூப்பிட்டார். பின்னால் பாத்திரம் தேய்க்கிற சத்தம்.

"மறந்தே போச்சு, கோவிச்சுக்காதே. இன்னிக்கு வேறொரு ஆத்துல தெவசம். வெள்ளிக்கிழமை சாப்பிட்டவா சொல்லி, இவா ராத்திரிதான் என்னைச் சமைக்கக் கூப்பிட்டா. அவர் இல்லாம எனக்கு அளவு பிடிபடாது. தெவசச் சமையல்ல உப்புப் பார்க்கக் கூடாதோன்னோ, வாயிலயே வைக்கக் கூடாது. அவர் கொதிக்கற சத்தத்தை வெச்சே சொல்றார். இறக்குன்னா இறக்கறேன்."

அவர் எங்கே நிற்கிறார் என்று கேட்டேன். அடுப்படிக்குள் போகக்கூடாதே.

"வாசப்படிக்கு வெளில," என்றார் மாமி. "ரெண்டு பேரும் வெளில நிக்கறா. ஒரு தொந்தரவும் இல்லை."

அடுத்த வியாழன் முடியுமா என்றேன். பார்த்துச் சொல்கிறேன் என்றார். சபீனா என் முகத்தைப் பார்த்தார். ஸ்ரீனிவாசனுக்கு வேலை இருக்கிறதாம் என்றேன். சபீனா தலையாட்டிவிட்டு, கோப்பில் அன்றைய தேதியை அடித்துவிட்டார். நான் இயந்திரத்தை அணைக்கப் போனேன்.